நான்காம் எண் விளக்கு

எங்கள் நூலகத்தில் புத்தகம் தவிர
பனிச்சறுக்குக் கட்டை, ஏரிப்பனியில் துளைபோடும் திருகு,
ஒரு தையல் இயந்திரம் (பாபின் தொலைந்துவிட்டது),
ஐந்து வெளிச்ச விளக்குகள்
இரவல் கிடைக்கும்.
தவணை மூன்று வாரம்.

அக்டோபர் கடைசியில் வரிசை தொடங்கும்.
எல்லோருக்கும் ஒரே பாடம் சொல்கிறேன்:
காலையில் அரைமணி நேரம்.
முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி.
நேராக முறைக்க வேண்டாம்,
பக்கத்தில் இருந்தால் போதும்.
என் முன்னாள் கணவனிடமும்
இதையே சொல்லியிருக்கலாம்.

டிசம்பரில் கெமியார்வி ஏரியின் தென்கரையில்
நண்பகலுக்கு ஒரு நீலம் கசியும்.
கையுறையைத் தேடி எடுப்பதற்குள்
அதுவும் வற்றிவிடும்.

திருப்பித் தருபவர்களிடம் கேட்பேன்:
உதவியதா?

மரலாரி ஓட்டும் தைஸ்தோ:
"நாலாம் நாளே பாட ஆரம்பித்துவிட்டேன்.
நாய்க்குத்தான் பிடிக்கவில்லை."

பள்ளிச் சமையற்கூடத்து ரைலி:
"எனக்கு ஒன்றுமில்லை.
சன்னலோர மிளகாய்ச்செடி பூத்தது."

பெட்டியைப் பிரிக்காமலே திருப்பித் தந்த
ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்கவில்லை.
அந்த விளக்கை அடுத்தவருக்குக் கொடுக்காமல்
இரண்டு நாள் வைத்திருந்தேன்.
பிப்ரவரியில் வந்தாள்,
துளைபோடும் திருகு வேண்டுமென்று.

சுகாதார நிலையத்து டாக்டர் இங்கெரியிடம்
ஒருமுறை நேராகவே கேட்டேன்.
"பலருக்கு உதவுகிறது. எல்லோருக்கும் இல்லை.
எவ்வளவு என்பதில்தான் சண்டை.
மாத்திரை என்றால்
மாவை உருட்டி ஒரு போலி செய்துவிடலாம்.
வெளிச்சத்துக்குப் போலி எதைச் செய்வது?
கண்ணை மூடினாலும் தெரிந்துவிடுமே."

அந்தப் போலி
என் அலமாரியில்தான் இருந்தது.

உர்ஹோ பெல்த்தாரி.
காகிதக்கூழ் ஆலை மூடியதிலிருந்து
நிலவறையில் சைக்கிள் பழுதுபார்ப்பவர்.
மூன்று குளிர்காலமாக
நான்காம் எண்ணைத்தான் கேட்பார்.
மற்றவை சும்மா இருந்தாலும் நான்குதான்.
தவணை நாளன்று, ஒயரை எட்டுபோலச் சுற்றி,
துடைத்துக் கொண்டுவருவார்.

உதவியதா?
"உதவியது.
அது காத்திருக்கிறதே என்று ஆறரைக்கு எழுகிறேன்.
எழுந்தபின் காபி போடாமல் முடியுமா?
காபி போட்டபின்
திரும்பப் படுக்க முடியுமா?"

போன செப்டம்பரில்
பள்ளியிலிருந்து ஒளிமானி வாங்கிவந்து
ஐந்தையும் அளந்தேன்.
மற்றவை பத்தாயிரம் லக்ஸை ஒட்டி நின்றன.
நான்காம் எண்: நானூற்றுப் பத்து.
இரண்டு குழல்கள் செத்திருந்தன.
மூன்றாவது, சமையலறை விளக்கு அளவுக்கு
முனகிக்கொண்டிருந்தது.
எத்தனை காலமாக என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவருக்குச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன்.
கிழித்தேன்.
சொன்னால்
மூன்று குளிர்காலத்தை அவரிடமிருந்து
திருப்பி வாங்குவதுபோல் ஆகும்.
அதற்குத் தவணை எதுவும் போட்டதில்லை நான்.
சொல்லாவிட்டால்
ஒரு மனிதனுக்கு இருட்டைக் கொடுத்துக்
கையெழுத்து வாங்குகிறேன்.

புதுக் குழல்களை மாட்டி
வாய்திறக்காமல் கொடுத்தேன்.

எட்டாம் நாளே வந்தார், விளக்கில்லாமல்.
கோட்டில் பனி, கையில் சோப்பு வாசனை.
"இந்த வருடம் நான்கு வேறுமாதிரி இருக்கிறது."
மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தேன்.
"கூசுகிறது. அடுப்புக்குப் பின்னால்
இத்தனை கரியா என்று இப்போதுதான் பார்த்தேன்."

உதவி... என்று தொடங்கி நிறுத்தினேன்.

"தெரியவில்லை" என்றார்.
"பாதிச் சுவர்தான் தேய்த்திருக்கிறேன்.
இன்னும் மூன்று வாரம் போடுங்கள்."

ஜனவரி ஒன்பது என்று முத்திரை குத்தினேன்.
மை கொஞ்சம் அதிகம்.
என் மேசையில்
இரண்டாம் எண் எரிந்துகொண்டிருந்தது.
சோதித்துப் பார்ப்பதாக
எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.